யூதக் கதைகளை ஓவியமாக வரைவது: உருவத் தடை, எழுத்து, கடவுளின் கை – எங்கிருந்து தொடங்கலாம்?

ஈரத்தூரிகை:

வணக்கம் நண்பர்களே. நான் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைபவள். நீர்வண்ணமும் மையும்தான் பழக்கம். அடுத்து யாரும் கேட்டு வாங்காத, எனக்காகவே செய்யும் ஒரு படவரிசை மனதில் இருக்கிறது. பொருள், யூத மரபுக் கதைகள்.

இந்த ஆசையைக் கிளப்பியது ஒரே ஒரு கதை. யூதச் சட்ட விவாதமும் கதையும் சேர்ந்த பழைய தொகுப்பான தால்மூதில், மெகில்லா என்ற பகுதியில் வருகிறது. செங்கடல் பிளந்து இஸ்ரவேலர் கரையேறிவிட்டார்கள். துரத்தி வந்த எகிப்தியப் படை தண்ணீரில் மூழ்குகிறது. மேலே தேவதூதர்கள் பாட ஆயத்தமாகிறார்கள். கடவுள் அவர்களைத் தடுக்கிறார். என் கை படைத்த உயிர்கள் கடலில் மூழ்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பாட்டுப் பாடுவதா என்று கேட்கிறார். தப்பிப் பிழைத்த மக்களின் வழிவந்தவர்களே தங்கள் வெற்றிக் கதைக்குள் இந்தக் கேள்வியை வைத்திருக்கிறார்கள். படித்ததிலிருந்து அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆனால் வரைய உட்கார்ந்தால் கை ஓடவில்லை. யூத மரபில் உருவம் வரையவே கூடாது என்கிறார்கள். அப்படியானால் மனிதர்களை வரையலாமா? கடவுள் பேசும் கதையில் கடவுளை எப்படிக் காட்டுவது? இணையத்தில் தேடினால் ஆறுமுனை நட்சத்திரம், மெழுகுவத்தி, கறுப்புத் தொப்பி, இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த வழியில் போக விருப்பமில்லை. தெரிந்தவர்கள் வழி காட்டுங்கள்.

மணல்மேடு:

நம் நாட்டார் கதைகளே பாதிக்கு மேல் வரையப்படாமல் கிடக்கின்றன. சுடலைமாடனையும் காத்தவராயனையும் விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போகவேண்டுமா? கேட்கத் தோன்றியது, கேட்டுவிட்டேன்.

ஈரத்தூரிகை:

நியாயமான கேள்விதான். காத்தவராயன் கழுவேறும் கதையை வரைந்து முடித்த பிறகுதான் இங்கே வந்திருக்கிறேன். ஒரு கதை பிடித்துவிட்டால் அது எந்த ஊர்க் கதை என்று பார்த்து என்னால் விலக முடிவதில்லை.

சுவர்ச்சித்திரம்:

ஓவியக் கல்லூரியில் கலைவரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். இந்த "யூதர்களுக்கு ஓவியமே கிடையாது" என்ற பேச்சு மாணவர்களிடமும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றின் கரையில் தூரா யூரோப்போஸ் என்று ஒரு ரோமானியக் காவல் நகரம் இருந்தது. அங்கே ஒரு யூதத் தொழுகைக்கூடம். கி.பி. 244–245இல் அதைப் புதுப்பித்தார்கள். சுவர் முழுக்கக் கதைக் காட்சிகளை வரைந்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் பாரசீகத்தின் சாசானியப் படை முற்றுகையிட்டது. ரோமானியர்கள் மதிலைப் பலப்படுத்துவதற்காக, மதிலை ஒட்டிய கட்டடங்களை மண்ணால் நிரப்பினார்கள். நகரம் விழுந்தது, ஆனால் அந்த மண் ஓவியங்களைக் காத்துவிட்டது. 1932இல் தோண்டியபோது சுவர்கள் வண்ணத்தோடு வெளியே வந்தன. இப்போது டமாஸ்கஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பார்வோன் மகள் ஆற்றில் நின்று குழந்தை மோசேயைத் தூக்குகிறாள். எசேக்கியேல் பள்ளத்தாக்கில் உடல் துண்டுகள் சிதறிக் கிடந்து மெல்ல ஒன்று சேர்கின்றன. எஸ்தரும் மொர்தெகாயும் இருக்கிறார்கள். எல்லாம் மனித உருவங்கள், முகத்தோடு.

உங்களுக்கு வேண்டிய செங்கடலும் அங்கே இருக்கிறது. ஒரே நீளப் பலகையில் எகிப்தைவிட்டுப் புறப்படுதல், படை மூழ்குதல், கடலைக் கடந்து செல்லுதல் மூன்றும். மோசே அதற்குள்ளேயே திரும்பத் திரும்ப, மற்றவர்களைவிடப் பெரிய உருவமாக வருகிறார். கடவுள்? மேலிருந்து நீளும் கைகள், அவ்வளவுதான். உடல் இல்லை, முகம் இல்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பதில் வரைந்துவிட்டார்.

அந்தக் கை அதற்குப் பிறகும் வருகிறது. இஸ்ரேலின் வடக்கே பெத் ஆல்ஃபாவில் ஆறாம் நூற்றாண்டுத் தரைமொசைக் ஒன்று, 1928இல் வாய்க்கால் வெட்டும்போது கிடைத்தது. மரியானோஸ் என்பவரும் அவர் மகன் ஹனீனாவும் செய்தது. பெயரைக் கல்லிலேயே பதித்திருக்கிறார்கள். ஆபிரகாம் ஈசாக்கைப் பலிபீடத்தை நோக்கித் தூக்கிப் பிடித்திருக்கிறார். மேலே ஒரு கை. அதன் பக்கத்தில் "கையை நீட்டாதே" என்ற எபிரேய எழுத்து. உருவங்களைப் பார்த்தால் பயிற்சி பெற்ற கை என்று சொல்லமாட்டோம். எல்லோரும் நேரே நம்மைப் பார்க்கிறார்கள், கண் பெரிது பெரிதாக. எனக்கு அந்தத் தரை மிகவும் பிடிக்கும். நடு வட்டத்தில் தேரோட்டும் சூரியனும் பன்னிரண்டு ராசியும் இருப்பது இன்னும் வியப்பு.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், ஒரே பதில் கிடைக்காது. மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் ரப்பான் கமாலியேல் என்ற அறிஞர் தன் வீட்டுச் சுவரில் நிலவின் வடிவங்களைப் பலகையில் வரைந்து வைத்திருந்தார் என்று வருகிறது. புதுநிலவைப் பார்த்ததாகச் சாட்சி சொல்ல வருபவர்களிடம் காட்டி, இப்படியா இருந்தது, அப்படியா என்று கேட்பாராம். பின்னால் வந்த அறிஞர்கள் வணங்குவதற்காகச் செய்வது, முழு மனித உருவத்தைப் புடைப்பாகச் செதுக்குவது, தட்டையாக வரைவது என்று பிரித்துப் பேசினார்கள். 13ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் ரோத்தன்பர்க் நகரத்து யூத மத ஆசான் ரபி மெயீரிடம் பிரார்த்தனை நூல்களில் பறவை, விலங்குப் படங்கள் இருப்பது பற்றிக் கேட்டார்கள். பார்க்கிறவர் மனம் பிரார்த்தனையிலிருந்து சிதறும், அதனால் நல்லதில்லை. ஆனால் தட்டையான வண்ணம் என்பதால் தடை இல்லை என்றார். கண்டிப்பான காலமும் இடமும் இருந்தன, தளர்வான காலமும் இடமும் இருந்தன.

நெல்லைச்சீமை:

சகோதரி, நான் கிறிஸ்தவன். சிறு வயதிலிருந்து தமிழ் வேதாகமம் வாசித்து வளர்ந்தவன். மேலே ஐயா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். "யாதொரு விக்கிரகத்தையும் உண்டாக்க வேண்டாம்" என்பது யாத்திராகமம் 20ஆம் அதிகாரம். அதே புத்தகத்தின் 31ஆம் அதிகாரத்தில் பெசலெயேல் வருகிறான். பொன், வெள்ளி, வெண்கலம், மணிக்கல், மரம் எல்லாவற்றிலும் வேலை செய்யும் ஞானத்தைத் தேவனே அவனுக்குக் கொடுத்ததாக எழுதியிருக்கிறது. 1906இல் எருசலேமில் போரிஸ் ஷாட்ஸ் ஓவியப் பள்ளி தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரும் பெசலேல்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எங்களுக்கு இந்தக் கதைகள் ஞாயிறு பள்ளிப் படங்கள் வழியாக வந்தவை. வெள்ளைத் தாடி, ஐரோப்பிய முகம், வானத்தைப் பிளக்கும் ஒளி. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அச்சுப் படங்களின் வாரிசு அது. நீங்கள் கிறிஸ்தவர் இல்லாவிட்டாலும் நாட்காட்டி வழியாக அந்தப் படம் உங்கள் கைக்குள் புகுந்திருக்கும். செங்கடல் என்றதும் கோலை உயர்த்திய கிழவர் வந்தால், அவரை முதலில் இறக்கி வையுங்கள்.

இன்னொன்று, யூதர்கள் சொல்லும் கதை வேதாகமத்தில் இருக்கும் கதையோடு நின்றுவிடுவதில்லை. ஆபிரகாம் தன் தகப்பன் கடையிலிருந்த விக்கிரகங்களை உடைத்துவிட்டு, பெரிய விக்கிரகத்தின் கையில் தடியைக் கொடுத்து "இதுதான் உடைத்தது" என்று சொன்ன கதை ஆதியாகமத்தில் கிடையாது. அது மித்ராஷில், அதாவது வேதத்துக்கு யூத அறிஞர்கள் சொன்ன விளக்கக் கதைகளில் வருவது. யோசேப்பு உயிரோடிருக்கும் செய்தியை முதிய யாக்கோபிடம் எப்படிச் சொல்வது, அதிர்ச்சியில் இறந்துவிடுவாரே என்று பிள்ளைகள் பயந்தபோது, பேத்தி சேராக் சுரமண்டலம் மீட்டிப் பாட்டாகச் சொன்னாள் என்று பிற்கால மரபு சொல்கிறது. வேதாகமத்தில் அவள் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும். மூலம் சொல்லாமல் விட்ட இடத்தில் கேள்வி கேட்டுக் கதை வளர்ப்பதுதான் அவர்கள் முறை. நீங்கள் வரைய வேண்டியது அந்த இடைவெளிகளைத்தான் என்று எனக்குப் படுகிறது.

ஈரத்தூரிகை:

ஐயா இருவருக்கும் நன்றி. பேத்தி பாடும் கதையை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அதுவும் வரிசையில் சேர்ந்துவிட்டது.

பறவைத்தலை ஹகாதாவைப் பற்றி ஒரு கேள்வி. எகிப்திலிருந்து விடுதலையானதைக் கொண்டாடும் பாஸ்கா திருநாள் இரவில் வாசிக்கும் நூல், 1300 வாக்கில் தென்ஜெர்மனியில் எழுதியது, இப்போது எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மனித உடல், பறவைத் தலை, அதற்கு மேல் கூம்புத் தொப்பி. முகம் வரையக்கூடாது என்ற தடைக்கு இது அழகான விடையாகத் தெரிகிறது. என் படங்களிலும் இதைப் பின்பற்றலாமா?

மைக்கூடு:

பின்பற்ற வேண்டாம் என்பேன். அந்த ஓவியர் ஏன் பறவைத் தலை வைத்தார் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. முகத்தைத் தவிர்க்கத்தான் என்று ஒரு சாரார். வேறு விளக்கங்களும் உண்டு. அதே காலத்து வேறு யூதச் சுவடிகளில் மனித முகங்கள் சாதாரணமாக வருகின்றன. அந்தக் கூம்புத் தொப்பிக்கும் கனமான வரலாறு இருக்கிறது. யூதர்களை அடையாளம் காட்ட ஐரோப்பிய ஆட்சியாளர்கள் பல இடங்களில் சட்டம் போட்டு அணிய வைத்த தொப்பி அது. அந்த ஓவியர் தன் மக்களை வரைந்தார். இன்று வெளியிலிருந்து ஒருவர் யூதர்களுக்கு வளைந்த அலகும் கூம்புத் தொப்பியும் வைத்தால், நாஜிப் பத்திரிகைக் கேலிச்சித்திரங்களைப் பார்த்து வளர்ந்த குடும்பங்களுக்கு அது எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள். மூக்கைப் பெரிதாக்கும் ஒரு கோடு போதும், படம் கைமாறிப் போய்விடும்.

சுவர்ச்சித்திரம்:

மைக்கூடு சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. உத்தியை அப்படியே எடுக்க வேண்டாம். அதன் பின்னாலிருக்கும் கேள்வியை எடுங்கள். யாருக்கு முகம் கொடுப்பது, யாருக்கு மறுப்பது? ஒரு படத்தில் அது பெரிய முடிவு. எருசலேமில் ஹதாஸா மருத்துவமனைத் தொழுகைக்கூடத்துக்கு மார்க் ஷகால் பன்னிரண்டு கோத்திரங்களைக் கண்ணாடிச் சன்னல்களாகச் செய்தார், 1962இல் நிறுவப்பட்டவை. பன்னிரண்டிலும் மனித உருவமே கிடையாது. மிருகம், மீன், மலர், விளக்கு, எழுத்து, அப்புறம் வண்ணம். எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

அச்சுக்கோத்தவர்:

எழுத்துரு வடிவமைப்பாளன் என்பதால் எழுத்துப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த மரபில் ஓவியத்துக்கும் எழுத்துக்கும் நடுவே சுவர் கிடையாது.

மோசேயின் ஐந்து நூல்களைக் கையால் எழுதிய தோராச் சுருளில் படமே இருக்காது. தோலில், இறகுப் பேனாவால், 304,805 எழுத்துகள். ஓர் எழுத்து சிதைந்தாலும் சரிசெய்யும் வரை அந்தச் சுருளை வாசிப்புக்கு எடுக்கமாட்டார்கள். ஏழு எழுத்துகளுக்குத் தலையில் மும்மூன்று சின்னக் கிரீடக் கோடுகள் உண்டு. சுருளில் தடை என்பதால் கற்பனை ஓரத்துக்குப் போயிற்று. வேதாகம மூலத்தின் உச்சரிப்பையும் எழுத்தெண்ணிக்கையையும் காத்த மசோரா அறிஞர்கள் பக்க ஓரத்தில் குறிப்புகள் எழுதினார்கள். எழுத்தர்கள் அந்தக் குறிப்பு வரிகளையே வளைத்து வட்டம், பின்னல், கட்டடம், மிருகம் என்று ஆக்கினார்கள். நுண்ணெழுத்து ஓவியம் என்று சொல்லலாம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் 1008ஆம் ஆண்டு லெனின்கிராட் சுவடியின் அலங்காரப் பக்கங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். தூரத்திலிருந்து கம்பளம், கிட்டே போனால் வரிகள்.

எழுத்து பற்றிய கதைகளும் ஓவியருக்குப் பெரிய சொத்து. ரபி ஹனீனா பென் தெரதியோனைத் தோராச் சுருளில் சுற்றி ரோமானியர்கள் எரித்தபோது, என்ன தெரிகிறது என்று சீடர்கள் கேட்டார்கள். தோல் எரிகிறது, எழுத்துகள் பறக்கின்றன என்றார். மக்கள் வணங்கிய பொன் கன்றுக்குட்டியை மோசே பார்த்ததும் கற்பலகைகளிலிருந்து எழுத்துகள் பறந்துபோயின, அதன் பிறகுதான் கல் உடைந்தது என்றும் சொல்வார்கள். இன்னொரு கதையில் இருபத்திரண்டு எழுத்துகளும் ஒவ்வொன்றாகக் கடவுள் முன்னால் வந்து, உலகைப் படைக்க என்னை வைத்துத் தொடங்குங்கள் என்று கேட்கின்றன. சிறுவர் நூல் வரைபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

நடைமுறை விஷயமும் சொல்லிவிடுகிறேன். எபிரேயம் வலமிருந்து இடம். சில வரைகலை மென்பொருள்களில் ஒட்டினால் எழுத்துகள் தலைகீழ் வரிசையில் திரும்பிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. அச்சான சுவரொட்டிகளிலேயே இந்தப் பிழையைப் பார்த்திருக்கிறேன். நம் மென்பொருளில் தமிழ் கொம்பும் காலும் இடம் மாறி வருவதைப் பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும், அதே வலிதான் அவர்களுக்கும். எபிரேயம் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்காமல் எதையும் அச்சுக்கு விடாதீர்கள். கடவுளின் நான்கெழுத்துப் பெயரை அலங்காரமாகப் போட வேண்டாம். அதை எழுதிய தாளை அவர்கள் அழிப்பதில்லை, குப்பையில் போடுவதில்லை. சேர்த்து வைத்துப் புதைப்பார்கள்.

அப்படிச் சேர்த்து வைத்த அறையொன்று கெய்ரோவில் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அதிலிருந்து லட்சக்கணக்கான துண்டுகள் வெளியே வந்தன. கடன் பத்திரம், கடிதம், கவிதை, எல்லாம். அவற்றில் குழந்தைகள் எழுத்துப் பழகிய ஏடுகளும் இருக்கின்றன, வண்ணம் தீட்டிய விளக்குத்தண்டு, நட்சத்திரம் எல்லாம் போட்டு. ஈரத்தூரிகை, உங்கள் தொழிலில் உங்களுக்கு மூத்தவர்கள் அவர்கள்.

வடக்குவாசல்:

உங்களில் யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். காசாவில் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். இந்த நேரத்தில் யூதக் கதைகளைக் கொண்டாடுவது சரியா?

ஈரத்தூரிகை:

இதை நினைக்காமல் நான் தொடங்கவில்லை. ஓர் அரசு செய்வதற்கு ஈராயிரம் ஆண்டுக் கதைமரபைக் கணக்குக் கேட்க என்னால் முடியாது. காசாவில் செத்த குழந்தைகளை மறந்துவிட்டு வரையவும் முடியாது. நான் எடுத்திருப்பது, எதிரி மூழ்கும்போது பாடாதே என்று சொல்லும் கதை. இந்த நேரத்தில் இதை வரையத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

மட்டுறுத்துநர்:

வடக்குவாசலின் கேள்வி முறையானது, பதிலும் வந்துவிட்டது. போர் பற்றிய விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே ஓவியத்தைத் தொடர்வோம்.

காயலோரம்:

கோயம்புத்தூரில் இருக்கிறேன், பிறந்தது கொச்சிப் பக்கம். யூதக் கலை என்றதும் எல்லோரும் ஐரோப்பாவுக்கே போகிறீர்கள். அருகிலேயே இருப்பதையும் பாருங்கள்.

மட்டாஞ்சேரி பரதேசித் தொழுகைக்கூடம் 1568இல் கட்டியது. தரையில் 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த, கையால் வரைந்த நீல வெள்ளை ஓடுகள். கொச்சி யூதச் சமூகத்தின் செப்பேடு கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்தது. வட்டெழுத்தில் இருக்கிறது. அதில் கொடுத்த உரிமைகளின் பெயரைப் படித்தால் தமிழர் யாருக்கும் அகராதி வேண்டாம்: பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, தோரணம். பாவாடை என்பது நடந்து வர விரிக்கும் துணி. இதை வாசித்தாலே ஓர் ஊர்வலம் கண்முன் வருகிறது, இதுவரை யாராவது வரைந்தார்களா என்று தெரியவில்லை. கொச்சி யூதப் பெண்கள் வேதாகமக் கதைகளை மலையாளத்தில் பாட்டாகப் பாடிக் கைநோட்டுகளில் எழுதி வைத்தார்கள்.

மகாராட்டிரத்துப் பெனே இஸ்ரவேல் என்ற யூதச் சமூகத்துக்காக 1874இல் புனேயில் அச்சான ஹகாதா ஒன்று உண்டு, எபிரேயமும் மராத்தியும். புளிப்பில்லா அப்பம் செய்யும் பெண்களை அதில் சேலையில்தான் வரைந்திருக்கிறார்கள். அதே சமூகத்தில் மும்பையில் பிறந்து இப்போது அமெரிக்காவில் வாழும் ஓவியர் சியோனா பெஞ்சமின், வேதாகமப் பெண்களை நம் நுண்ணோவிய முறையில் நீலத் தோலோடு வரைகிறார். வானமும் கடலும் நீலம், அது எல்லா ஊருக்கும் உரியது, எந்த ஊருக்கும் உரியதில்லை என்பது அவர் கருத்து. இந்தியக் கையால் இந்தக் கதைகளை வரையலாமா என்ற தயக்கம் இருந்தால், அவர் படங்களைப் பாருங்கள். அந்த வழியில் உள்ளே இருந்தவர்களே நெடுநாளாக நடந்து வருகிறார்கள்.

மைக்கூடு:

காயலோரம் சொன்னது முக்கியம். ஆனால் சியோனா உள்ளே இருப்பவர், ஈரத்தூரிகை வெளியே இருப்பவர். எனக்கு அந்த வித்தியாசம் பெரிது. நீலத் தோல் அவருக்குத் தன் வாழ்க்கை. நமக்கு அது அலங்காரமாகிவிடும்.

அதனால் நான் வேறு மூன்று பேரைச் சொல்கிறேன், பாணிக்காக இல்லை, அவர்கள் பழைய கதைக்குள் தங்கள் காலத்தை எப்படி வைத்தார்கள் என்பதற்காக. போலந்தின் வூட்ஜ் நகரத்தவர் ஆர்தர் ஷைக், 1930களின் நடுவில் ஹகாதா ஒன்று வரைந்தார். இடைக்காலச் சுவடி போல நுணுக்கமான வேலை. கெட்ட மகன் என்ற பாத்திரத்துக்கு ஜெர்மானிய உடையும் ஹிட்லர் மீசையும் வைத்தார். எகிப்தியர்மேல் போட்டிருந்த ஸ்வஸ்திகக் குறிகளை மட்டும் பதிப்பிக்கும்போது நீக்க வேண்டியதாயிற்று. 1940இல் லண்டனில் தோல்தாளில் 250 பிரதிகள் வந்தன.

எல் லிசிட்ஸ்கி 1919இல் கீவ் நகரில் ஆட்டுக்குட்டிப் பாட்டுக்குப் படம் செய்தார். பாஸ்கா இரவின் முடிவில் பாடுவது. அப்பா இரண்டு காசுக்கு வாங்கிய குட்டியைப் பூனை தின்ன, பூனையை நாய் கடிக்க, நாயைத் தடி அடிக்க, தடியை நெருப்பு எரிக்க என்று சாவின் தூதன் வரைக்கும் போகும் சங்கிலிக் கதை. அந்தந்தப் பாத்திரத்தின் வண்ணத்தையே மேலே வளைவில் எழுதிய அதன் பெயருக்கும் கொடுத்தார். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையும் கண்டுபிடித்துவிடும். கடைசியில் சாவின் தூதனைக் கடவுளின் கை வீழ்த்துகிறது. அந்தத் தூதன் தலையில் மணிமுடி இருக்கிறது. ஜார் ஆட்சியின் வீழ்ச்சி அது என்று பலர் படிக்கிறார்கள். ஆக, தூராவில் பார்த்த கை இங்கேயும் வந்துவிட்டது.

மூன்றாவது ஷார்லட் சாலமோன். பெர்லினில் 1917இல் பிறந்து, தென்பிரான்சில் ஒளிந்திருந்த காலத்தில் எழுநூறுக்கு மேற்பட்ட நீர்க்குழம்பு ஓவியங்களில் தன் குடும்பக் கதையைச் சொன்னவர். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றிலிருந்தே எல்லா நிறமும். பல படங்களுக்கு மேலே மெல்லிய தாளில் வசனம். 1943இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டபோது வயது 26, வயிற்றில் குழந்தை. அவர் எடுத்தது வேதக்கதை இல்லை. ஆனால் படமும் சொல்லும் பாட்டும் ஒன்றாக ஓடும் முறையைக் கற்க அவரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

ஈரத்தூரிகை:

எல்லாம் குறித்துக்கொண்டேன். முதல் வரைவு முடிந்தது. படம் இன்னும் ஏற்றும் நிலையில் இல்லை, சொல்லிப் பார்க்கிறேன்.

நெடுக்கான தாள். முக்கால்வாசி கடல். நாம் தண்ணீருக்குள் இருந்து மேலே பார்க்கிறோம். எகிப்திய வீரர்கள் கூட்டமாக இல்லை, ஒவ்வொருவருக்கும் தனி முகம். ஒருவன் செருப்பைக் கழற்றப் பார்க்கிறான், ஒருவன் குதிரையின் கழுத்தைக் கட்டிப்பிடித்திருக்கிறான். மேலே வானத்தில் சிறகுள்ள தூதர்கள், கையில் யாழ், வாய் திறந்திருக்கிறது, முகம் வெறுமை. அவர்களுக்கும் கடலுக்கும் நடுவே, தடுப்பதுபோல ஒரு கை.

நெல்லைச்சீமை:

சிறகும் யாழும் கிறிஸ்துமஸ் அட்டையிலிருந்து வந்தவை, சகோதரி. வேதாகமத்தில் ஏசாயா புத்தகத்தில் சேராபீன்கள் என்ற தூதர்களுக்கு ஆறு சிறகு. இரண்டால் முகத்தை மூடுகிறார்கள், இரண்டால் காலை மூடுகிறார்கள், இரண்டால் பறக்கிறார்கள். முகத்தை மூடிய சிறகு உங்கள் கதைக்கு ரொம்பப் பொருந்தும். வெறும் முகத்தைவிட அது மேல்.

அச்சுக்கோத்தவர்:

தூதர்களே வேண்டாம் என்பது என் கருத்து. பாட்டை வரையுங்கள்.

தோராச் சுருளில் கடற்பாட்டு, அதாவது யாத்திராகமம் 15, மற்றப் பகுதிகள்போல நெருக்கமாக எழுதப்படுவதில்லை. செங்கல் அடுக்கிய சுவர் மாதிரி, எழுத்து இருக்கும் இடத்துக்குக் கீழே வெற்றிடம், வெற்றிடத்துக்குக் கீழே எழுத்து என்று மாறி மாறி வரும். எபிரேயம் தெரியாதவர்கூடச் சுருளை விரித்தால் அந்தப் பத்தியைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடுவார். உங்கள் வானம் அந்த அடுக்காக இருக்கட்டும். எழுத்து ஒன்றுகூட வேண்டாம், கட்டம் மட்டும். தூதர்கள் பாடவில்லை, அதனால் கட்டங்கள் காலி.

ஈரத்தூரிகை:

இது கிடைத்துவிட்டது! யாழும் சிறகும் போயாயிற்று. காலிக் கட்டங்கள் கீழே இறங்க இறங்கத் தண்ணீரின் வெளிச்சக் கோடுகளாக மாறலாம். முகம் எகிப்தியருக்கு மட்டும்.

சுவர்ச்சித்திரம்:

நல்ல அமைப்பு. ஒரு மறுப்பு மட்டும். மோசேயும் மிரியாமும் மக்களும் அன்று பாடினார்கள். தடுக்கப்பட்டது தூதர்களின் பாட்டுத்தான். கடற்பாட்டு இன்றும் தினமும் காலை வழிபாட்டில் வருகிறது. வானம் முழுக்கக் காலியாக விட்டால், தப்பித்த அடிமைகளின் மகிழ்ச்சியையே நீங்கள் அழித்ததாக ஆகிவிடும். அந்த மகிழ்ச்சிக்கும் உரிமை உண்டு.

நெல்லைச்சீமை:

ஐயா சொன்னது சரி. பாஸ்கா விருந்தில், எகிப்தியர்மேல் கடவுள் அனுப்பிய பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி திராட்சைரசத்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். எகிப்தியர் பட்ட துன்பத்துக்காகத் தங்கள் கிண்ணம் குறையட்டும் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். குறைகிறதே ஒழிய, கிண்ணம் காலியாவதில்லை. 1350 வாக்கில் ஸ்பெயினில் செய்த சரயேவோ ஹகாதாவின் பக்கங்களில் திராட்சைரசக் கறை இன்றும் இருக்கிறது. விருந்து மேசையில் புழங்கிய நூல். 1942இல் நாஜிகள் கையில் சிக்காமல் அதை மறைத்துக் காத்தவர் தெர்விஷ் கோர்குத் என்ற முஸ்லிம் நூலகர்.

காயலோரம்:

இதற்கு இன்னொரு சான்று உண்டு. பாஸ்காவின் ஏழாம் நாள்தான் கடலைக் கடந்த நாள். அன்று ஹல்லேல் என்ற துதிப்பாடல்களை முழுதாகப் பாடமாட்டார்கள், குறைத்துத்தான் பாடுவார்கள். எகிப்தியர் மூழ்கிய நாள் என்பதால் என்று ஒரு மித்ராஷ் விளக்கம் சொல்கிறது. பாதி ஹல்லேல் என்றே அதற்குப் பெயர்.

ஈரத்தூரிகை:

அப்படியானால் கட்டங்களில் பாதி நிறையும், பாதி காலி. நிறைந்தவை கரைப்பக்கம், மக்கள் நிற்கும் பக்கம். காலியானவை கடலுக்கு மேலே. கை எதையும் தடுக்க வேண்டியதில்லை; நிறைந்த கட்டங்கள் முடியும் இடத்தில் வந்து நின்றால் போதும். துளிகளையும் எடுத்துக்கொள்கிறேன், படத்தின் அடியில் பத்துச் சிவப்புப் புள்ளிகளாக.

நிறைந்த கட்டங்களில் உண்மையான எபிரேய எழுத்து எழுதுவதா, எழுத்து மாதிரிக் கோடுகள் போடுவதா? அச்சுக்கோத்தவர் சொல்லுங்கள்.

அச்சுக்கோத்தவர்:

எழுத்து மாதிரிக் கோடு போடவே போடாதீர்கள். படிக்கத் தெரிந்தவர் கண்ணுக்கு அது கிறுக்கல். உண்மையான எழுத்து என்றால் கடற்பாட்டில் நான்கெழுத்துப் பெயர் பல இடத்தில் வருகிறது. படம் கைமாறும், கிழியும், தூக்கி எறியப்படும். அதனால் எழுத்து இல்லாமல் கட்டத்தை வண்ணத்தால் மட்டும் நிரப்புங்கள். அடர்நீல மை, இரண்டு பூச்சு. சுருளில் அந்தப் பாட்டு முப்பது வரி. அந்த முப்பதையும் எண்ணிப் போடுங்கள், தெரிந்தவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். கட்ட அகலங்களும் ஒரே அளவில் இருக்காது. சுருளின் அந்தப் பத்தியிலிருந்து அளவெடுத்து ஒரு வரைபடம் செய்து நாளை ஏற்றுகிறேன். அதுவரை வானத்தில் கை வைக்காமல் கடலை முடியுங்கள்.